சந்தனப் பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையைப் பிடித்து, மதுரையிலிருந்து பாகம் பாகமாக வாங்கி வந்து மாட்டி விற்கிற வேலை. போகிற இடமெல்லாம் "மெக்கானிக் வரலையாம்மா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் பொறுமையாகப் பதில் சொன்னேன். அப்புறம் "அவரு வரமாட்டாரு, நான்தான் வருவேன், வேணுமா வேண்டாமா?" என்று கேட்கப் பழகிவிட்டேன். வாய்க்காரி என்று பெயர் வந்தது. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை.

ஆயுத பூஜை லீவெல்லாம் முடிந்து கடைகள் திறந்த முதல் நாள். கீழே மருந்துக் கடைக்கு எனக்கு ஒரு போன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டரில் டைப் அடித்து அச்செடுத்துக் கொடுக்கும் டி.டி.பி. கடை வைத்திருந்த அண்ணாச்சி. அவருக்குக் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுத்தது நான்தான்.

"தங்கச்சி, மெசினு டிஸ்க்கே இல்லைங்குது. ஒடனே கெளம்பி வா."

"இல்லைன்னா எங்க போச்சு அண்ணாச்சி? நீங்க திருச்செந்தூர் போயிருந்தீங்களே, கூடவே வந்துருச்சா?"

"வெளையாடாதம்மா. டீச்சரம்மா வந்து உக்காந்திருக்காவ. அவிய மூஞ்சியப் பாக்க முடியல."

டீச்சரம்மா என்று அவர் சொன்னதுமே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த பெண் அவள். என் வயதுதான் இருக்கும். தேவதானம், சேத்தூர் பக்கத்துக் கண்மாய்களையும் தண்ணீர் பங்கீட்டையும் பற்றிப் பிஎச்.டி.க்கு எழுதிக்கொண்டிருந்தாள். வருடக்கணக்கில் எழுதியதை அண்ணாச்சிதான் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் மதுரையில் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை அவகாசம் வாங்கியாயிற்று, இனிமேல் கிடையாது. கொடுத்தால் வேலை நிரந்தரம். கொடுக்காவிட்டால் பட்டமும் இல்லை, அந்த வேலையும் இல்லை.

பையில் ஸ்க்ரூடிரைவர், மீட்டர், என் ஃபிளாப்பி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். டிஸ்க் நிஜமாகவே செத்திருந்தால் அந்தக் காலத்தில் அதற்கு ஒரு வைத்தியமும் கிடையாது.

தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் கடை. எதிரே பால்கோவா கடை, அங்கேதான் போன். நான் உள்ளே நுழையும்போது டீச்சர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தது. மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம், கீபோர்டில் விபூதி.

"கையால எழுதின பேப்பர் இருக்கா?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"பூஜைக்கு வீடு ஒதுக்கையில மாமியார் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டாங்க. டைப் அடிச்சாச்சுல்லன்னு நானும் விட்டுட்டேன்."

"ஃபிளாப்பில காப்பி எடுத்து வையுங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே அண்ணாச்சி, எடுத்தீங்களா?"

"எடுத்தேன்மா, எடுக்காம இருப்பேனா?" என்று பெருமையாக ஒரு டப்பாவை நீட்டினார். திறந்தேன். ஒவ்வொரு ஃபிளாப்பிக்கும் ஒரு சந்தனப் பொட்டு. அதுவும் எங்கே? பளபளவென்று இருக்கிறதே என்று அந்த வெள்ளித் தகட்டின் மேலேயே. தகட்டை நகர்த்தினால் உள்ளே ஃபிலிம் மாதிரி இருக்கும் கறுப்புத் தட்டில் சந்தனம் கசிந்து காய்ந்து ஒட்டிக்கிடந்தது. ஒன்றைக்கூட என் மனசு டிரைவில் போட ஒப்பவில்லை. துடைத்துத் துடைத்து ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கறகறவென்று சத்தம்தான் வந்தது.

"இது என்ன அண்ணாச்சி, உரலா, அம்மியா?"

"கல்விக்குரிய சாமானாச்சேன்னு வச்சேன் தங்கச்சி" என்றார். அவர் முகம் சுண்டிப்போனது.

சுவிட்சைப் போட்டேன். மெமரி எண்ணிக்கை ஓடியது. பிறகு ஹார்டு டிஸ்க் ஃபெயிலியர் என்று வந்து நின்றது. கேபினெட்டைக் கழற்றி, காதை டிஸ்க்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். உள்ளே சன்னமாக, சீராக, தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் பாதி உயிர் வந்தது. கேபிளை எடுத்து மாட்டினேன், கரண்டு ஒயரை மாற்றினேன், அதே கதைதான். செத்துப்போன டிஸ்க் இப்படி அழகாகச் சுற்றாது.

"காலையில முதல் தடவ போட்டப்ப வேற ஏதாவது இங்கிலீஷ்ல வந்துதா?"

"என்னமோ ஒண்ணு வந்துது. வழக்கம்போல ஒரு பட்டனைத் தட்டி அனுப்பிட்டேன்."

"சரி. பொறவு?"

"பொறவு மச்சான் வந்தான். கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கான்ல. ஃபார்மட் பண்ணா சரியாயிரும்னு ஃபிளாப்பி போட்டு அடிச்சுப் பாத்தான்."

"ஐயோ அண்ணாச்சி! ஃபார்மட் பண்ணா மெசினு சரியாயிரும், இந்த அம்மா எழுதினது என்ன ஆகும்? துடைச்சு வழிச்சுட்டுப் போயிருமே!"

"அது ஒண்ணும் கேக்கல தங்கச்சி. அப்படி ஒரு டிரைவே இல்லைன்னுட்டுது."

டிஸ்க்கைக் காணவில்லை என்பதால் மச்சானின் கையிலிருந்து டிஸ்க் தப்பித்திருந்தது. மெசினுக்கு ஒரு கும்பிடு போட்டேன். என் ஃபிளாப்பியைப் போட்டு மெசினை எழுப்பி, தேதியைப் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று என்று காட்டியது. அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

அந்தக் காலத்து மெசினுக்குள் சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும். கரண்டு இல்லாத நேரத்தில் தேதியையும், என்ன டிஸ்க் மாட்டியிருக்கிறது என்பதையும் அதுதான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். மெசின் ஓடும்போது தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும். அண்ணாச்சி கடையில் தினமும் ஓடுவதால் அதற்கு வயசானது யாருக்கும் தெரியவில்லை. பூஜையில் வைத்த சாமானைத் தொடக்கூடாது என்று மூடி வைத்து, அதோடு சேர்த்துத் திருச்செந்தூரும் போய்வந்ததில் மொத்தமாக வடிந்துவிட்டது. டிஸ்க் நன்றாக இருக்கிறது. அதன் அளவுதான் மெசினுக்கு மறந்துபோனது. உருளை இத்தனை, தலை இத்தனை, பிரிவு இத்தனை என்று மூன்று எண்களைத் திரும்பக் கொடுத்தால் எழுந்துவிடும். இப்போதைய மெசின்கள் தானே கண்டுபிடித்துக்கொள்கின்றன. அதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகல. டிஸ்க் மேலயே நம்பர் அச்சடிச்சிருப்பான்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு டிஸ்க்கை வெளியே உருவினேன்.

உருவியவள் அப்படியே நின்றேன். லேபிள் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று விரலால் இழுத்த சந்தனம். நடுவில் குங்குமம். ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தேன். சந்தனத்தோடு லேபிளின் மேல் தாளும் உரிந்து வந்தது. அடியில் வெறும் வெள்ளை.

"மூடியத் தொறந்து டிஸ்க்குக்கே பொட்டு வச்சீங்களா அண்ணாச்சி?"

"வெளிய தகரத்துக்கு வச்சு என்ன பிரயோசனம்? வேலை பாக்கது உள்ள இருக்கதுதானேன்னு தொடச்சு வச்சேன். விபூதி போட்டு நல்லா தேச்சுத்தான் தொடச்சேன்."

"நான் ஒரு சீட்டுல அந்த நம்பரை எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தேனே?"

"அது கெடந்துச்சு, கறுப்படிச்சுப் போயி. பூஜையும் அதுவுமா அழுக்கா எதுக்குன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்."

ஆத்திரத்தில் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். குத்துமதிப்பாக ஏதாவது எண்ணைக் கொடுக்கலாம்தான். தப்பான எண்ணோடு டிஸ்க் பிடித்துக்கொண்டு, மெசின் அதன் மேல் எதையாவது எழுதிவிட்டால் கண்மாய்க் கரை உடைந்த மாதிரிதான், கண்ட இடத்துக்கும் பாய்ந்து எல்லாவற்றையும் நாசமாக்கிவிடும். மாலை பஸ் கிளம்புவதற்குள் அச்செடுத்தால்தான் காலையில் மதுரையில் பைண்டு பண்ண முடியும். டீச்சர் பின்னாலேயே வந்து நின்றாள்.

"கிடைக்குமா?" என்றாள்.

"கிடைக்கணும்" என்றேன்.

அந்த டிஸ்க்கை வாங்கியபோது அதே ரகத்தில் இன்னொன்றும் சேர்த்து வாங்கியது ஞாபகம் வந்தது. அதை ராஜபாளையத்தில் ஒரு சர்ச் ஆபீசுக்கு மாட்டிக் கொடுத்திருந்தேன். அவர்களுக்கு ஆயுத பூஜை கிடையாது. கன்வென்ஷன் கூட்டம் வருகிறதென்று லீவிலும் மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதற்கு ஞாபகம் போயிருக்காது. அந்த மெசினின் செட்டப்புக்குள் போய்ப் பார்த்தால் அந்த மூன்று எண்ணும் இருக்கும். டீச்சர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பால்கோவா கடைக்கு ஓடினேன்.

போனை எடுத்தது ஆபீஸ் கிளார்க் ஐயா. நல்ல மனிதர், ஆனால் கம்ப்யூட்டரைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்குவார்.

"ஐயா, மெசினை ஒரு தடவ அணைச்சுப் போடுங்க. நம்பர் ஓடையில டெலிட் பட்டனை அமுக்குங்க. நீலமா ஒரு பக்கம் வரும்."

"டெலிட்டா? டெலிட்னா அழிச்சிருமேம்மா! கன்வென்ஷன் நோட்டீசெல்லாம் உள்ள இருக்கு!"

"அழிக்காது ஐயா. நான் சொல்லுதேன்ல. நீலப் பக்கத்துல முதல் வரியில போயி, ஹார்டு டிஸ்க்னு போட்டிருக்கும் பாருங்க, அதுல இருக்க நம்பரை மட்டும் எழுதிட்டு வந்து சொல்லுங்க. எதையும் மாத்தாதீங்க. முடிச்சதும் எஸ்கேப்பை அமுக்கி வெளிய வந்துருங்க."

"தோத்திரம். செத்த நேரம் இரும்மா" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். மெசின் அடுத்த அறையில். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. நாங்கள் இருவரும் ரிசீவரைக் இரண்டு பேர் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றோம். பின்னால் வாணலியில் பால் கொதித்துக்கொண்டிருந்தது.

"நீங்க இந்த ஊருதானா?" என்று கேட்டேன், சும்மா இருக்க முடியாமல்.

"வத்திராயிருப்பு. மகன் அங்க எங்கம்மாகிட்ட இருக்கான். மூணு வயசு. எழுதி முடிக்கிறவரைக்கும்னு விட்டேன். ஞாயித்துக்கிழமை போவேன். இப்பல்லாம் என்னைக் கண்டா அம்மாச்சி பின்னால ஒளியுதான்."

"அவன் அப்பா?"

"திருப்பூர்ல. பனியன் கம்பெனியில. இந்தத் தடவை முடியலைன்னா போதும்னு சொல்லிட்டாங்க. வேலையை விட்டுட்டு மகனோட அங்க வந்துரச் சொல்லிட்டாங்க. முடிஞ்சிட்டா இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. நெரந்தர வேலையை யாரு விடுவா?"

நான் ம்ம் என்றேன். என் காது முழுக்கப் போனில் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சந்தில் கரண்டு போனது. போன அடுத்த நிமிஷமே வந்தது. எதிர்க் கடையிலிருந்து அண்ணாச்சி கத்தினார். "தங்கச்சி, மெசினு தானா என்னமோ கேக்குது! ஒரு பட்டனைத் தட்டட்டுமா?"

"தொட்டீங்க, கைய ஒடைப்பேன்!" என்று கத்திக்கொண்டே ரிசீவரை டீச்சர் கையில் திணித்தேன். "அவரு நம்பர் சொல்லுவாரு. எழுதிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மெசின் என்னுடைய ஃபிளாப்பியிலிருந்து எழுந்து தேதியைக் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அண்ணாச்சியை ஸ்டூலில் உட்கார வைத்தேன். டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, செட்டப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். டீச்சர் வர நேரமாயிற்று. வந்தபோது பேப்பர் கொண்டுவரவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பேனாவால் எழுதியிருந்த எண்கள் வியர்வையில் லேசாகக் கசிந்திருந்தன.

ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தேன். கடைசி எண் முப்பத்தாறு. சேமித்து, மெசினை மறுபடி எழுப்பினேன். சிவப்பு விளக்கு மின்னியது. அண்ணாச்சி "ஆண்டாள் தாயே" என்றார். திரையில் வந்து நின்றது: மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

இன்னொரு தடவை. அதேதான்.

எண் பொருந்தவில்லை. அப்படியென்றால் இரண்டும் ஒரே ரக டிஸ்க் இல்லை. நான் நினைத்தது தப்பு. இனி யாரைக் கேட்பது? எனக்கு வேறு ஒரு வழியும் தெரியவில்லை. "எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுதான்மா. மன்னிச்சிருங்க" என்றேன்.

டீச்சர் தலையாட்டினாள். அண்ணாச்சிதான் உடைந்துபோனார். சுவரோரம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, நான் பொட்டு வச்சு ஒரு பொம்பளப் புள்ளை பொழப்பைக் கெடுத்துட்டேனே! எத்தனை வருசம் எழுதுனாவ! எங்கையில கொடுத்து இப்படி ஆயிருச்சே! இனிமே இந்தக் கடையத் தொறக்க மாட்டேன்!" பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பால்கோவா கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டீச்சர் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். குரல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது.

"கடைசி நம்பர் அறுபத்து மூணு."

"என்னது?"

"அவரு அறுபத்து மூணுன்னுதான் சொன்னாரு. நான் முப்பத்தாறுன்னு எழுதிட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏங்க, உயிரு போற வேலை, இதைக்கூடக் கவனமா எழுதக்கூடாதா?"

"கவனமாத்தான் எழுதுனேன்" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திருப்பவில்லை.

"அதுவாத் தொலைஞ்சு போச்சுன்னா யாரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாதுல்ல? பாதியில விட்டுட்டு வந்துட்டான்னு சொல்ல மாட்டாங்கல்ல? நாளைக்கே வத்திராயிருப்பு போயி மகனைத் தூக்கிட்டுத் திருப்பூருக்கு வண்டி ஏறிருவேன். போன்ல நிக்கையில தோணுச்சு. எழுதிட்டேன். அண்ணாச்சி அழுததைத்தான் என்னால பாக்க முடியல."

காலையிலிருந்து நான் மல்லுக்கட்டியது யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை. கோபம் வந்தது, உடனே போயும் போனது. நான் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

"நான் போட மாட்டேன்" என்றேன் மெதுவாக. "நீங்களே போடுங்க. இல்லைன்னா இப்படியே அணைச்சிருவோம். அண்ணாச்சிகிட்ட பேட்டரிதான் காரணம், பொட்டு இல்லைன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

அவள் உட்கார்ந்தாள். உள்ளங்கையைப் புடவைத் தலைப்பில் தேய்த்துத் துடைத்தாள். ரொம்ப நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் ஒற்றை விரலால் ஆறை அமுக்கினாள். மூன்றை அமுக்கினாள். எந்தப் பட்டனைத் தட்டிச் சேமிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன்.

சிவப்பு விளக்கு மின்னியது, நின்றது, மறுபடி மின்னியது. சீ டிரைவின் எழுத்து வந்தது. அண்ணாச்சி முந்திக்கொண்டு வந்து அவள் ஃபைல்களை வரிசையாகத் திரையில் கொண்டுவந்தார். முதல் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை எல்லாம் இருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்போதுதான் அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். அண்ணாச்சி பிரிண்டருக்குப் பேப்பரை ஏற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தியா தங்கச்சி, அவியளுக்கு எம்புட்டு சந்தோசம்!"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.